நாலு விரல் தூரம்

(பட்டிமன்றத் தலைப்பு: வாழ்வில் ஒருவர் உயரப் பெரிதும் காரணம் சொந்த முயற்சியா? வழிகாட்டும் ஆசானா? ‘ஆசானே’ என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது.)



எனக்கு முன்னாலே பேசிய அம்மா ரொம்ப அழகாப் பேசினாங்க. முயற்சி முயற்சி என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியிலே ஒரு போடு போட்டாங்க. “ஐயா, ஆயிரம் பேர் பக்கத்திலே நின்று சொல்லிக் கொடுக்கலாம். ஓடுகிறவர்தான் ஓடணும். பி.டி. உஷா ஓடினாங்களா, அவங்க வாத்தியார் ஓடினாரா?” என்று கேட்டாங்க. அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். எதிரணியிலே உட்கார்ந்துகொண்டு நீர் ஏன்யா தட்டினீர் என்று கேட்கலாம். அந்த அம்மா உஷாவின் பேரைச் சொன்ன அந்த நிமிஷமே, நான் தயார் பண்ணி வந்த குறிப்பை மடித்துப் பையிலே வைத்துவிட்டேன். எனக்குப் பேச வேண்டியதை அவங்களே எடுத்துக் கொடுத்துட்டாங்க.

நடுவர்: பையிலே வைத்ததையும் அப்புறம் எடுத்துப் பேசிடாதீங்க. நேரம் இல்லை. (சிரிப்பு)

எடுக்க மாட்டேன் ஐயா.

நம்ம வீடுகளிலே ஒரு பழக்கம் உண்டு. பெண் பிள்ளை கொஞ்சம் வேகமா வாசலைத் தாண்டி ஓடினால், பாட்டி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாங்க. “மெதுவாப் போடி, பெரிய பி.டி. உஷான்னு நெனப்பா?” பேருந்தைப் பிடிக்க ஓடுகிற பெண்ணைப் பார்த்து நடத்துனர் சொல்வார், “வாங்க உஷா, ஏறுங்க.” ஒரு மலையாளத்துப் பெண்ணின் பேர், தமிழ்நாட்டு வீடுகளிலே வேகத்துக்கே பேராகிவிட்டது. சரி. அந்த உஷாவை உருவாக்கினவர் பேர் என்ன? இந்த அரங்கத்திலே எத்தனை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்குங்க பார்ப்போம்.

பாருங்க நடுவர் அவர்களே, பத்துக் கைகூட இல்லை. அதிலே இரண்டு கை கொட்டாவிக்காகத் தூக்கியது. (சிரிப்பு)

அவர் பேர் நம்பியார். ஓ.எம். நம்பியார். நம்ம ஊரிலே நம்பியார் என்றால் கையைப் பிசைந்துகொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு, எம்.ஜி.ஆரிடம் அடிவாங்க வருகிறவர்தான் ஞாபகத்துக்கு வருவார். திரையிலே வில்லனாக இருந்த அந்த நம்பியாரும் வெளியிலே எப்படிப்பட்டவர்? வருஷம் தவறாமல் எத்தனையோ பேருக்கு மாலை போட்டுச் சபரிமலைக்குக் கூட்டிப்போன குருசாமி. நம்பியார் என்ற பேருக்கே ஆளை மேலே ஏற்றிவிடுகிற ராசி உண்டு போலிருக்கிறது. (கைதட்டல்)

இந்த நம்பியார் 1932ஆம் ஆண்டு பிறந்தவர். கோழிக்கோடு மாவட்டம், வடகரைப் பக்கம் மணியூர். கோழிக்கோடு குருவாயூரப்பன் கல்லூரியிலே படிக்கும்போது அவர்தான் ஓட்டப்பந்தயத்திலே முதல் ஆள். கல்லூரி முதல்வர், “உன் காலுக்கு ராணுவம்தான் சரி” என்கிற மாதிரி புத்தி சொல்ல, 1955இல் விமானப் படையிலே சேர்ந்தார். கவனிச்சீங்களா, அவருக்கும் வழிகாட்டினவர் ஒரு வாத்தியார்தான். இதை எதிரணி குறித்துக்கொள்ள வேண்டும்.

அம்மா கேட்டாங்களே, வாத்தியார் ஓடினாரா என்று. ஓடினார் அம்மா. பதினைந்து வருஷம் விமானப் படையிலே இருந்தார். படைப்பிரிவுகள் கலந்துகொண்ட தேசியப் போட்டிகளிலே ஓடினார், பதக்கம் வாங்கினார். ஆனால் இந்தியா என்று எழுதிய பனியனைப் போட்டுக்கொண்டு வெளிநாட்டிலே ஒரு பந்தயம் ஓடும் வாய்ப்பு அவருக்குக் கடைசி வரை கிடைக்கவே இல்லை. 1970இல் சார்ஜென்ட்டாக ஓய்வு பெற்றார். அப்புறம் என்ன செய்திருக்கலாம்? ஓய்வூதியம் வருகிறது, ஊரிலே தென்னந்தோப்பு இருக்கிறது, சாய்வு நாற்காலியிலே சாய்ந்துகொண்டு “நான் அந்தக் காலத்திலே ஓடினேன் பார்” என்று பேரப்பிள்ளைகளைப் படுத்தியிருக்கலாம். நம்மிலே பாதிப்பேர் அதைத்தான் செய்கிறோம். அவர் பாட்டியாலாவிலே இருக்கிற தேசிய விளையாட்டுக் கல்வி நிலையத்திலே பயிற்சியாளருக்கான படிப்பை முடித்து, கேரள விளையாட்டுக் கவுன்சிலிலே வேலைக்குச் சேர்ந்தார். தன் கால் போக முடியாத இடத்துக்கு இன்னொருவர் காலை அனுப்புகிற வேலை.

1976இல் கண்ணூரிலே பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு விளையாட்டுப் பிரிவை கேரள அரசு ஆரம்பித்தது. ஏறத்தாழ நாற்பது பிள்ளைகள். பய்யோலிப் பக்கத்திலிருந்து ஒரு ஒல்லிப் பெண்ணும் வந்தது. நோஞ்சான் உடம்பு, வசதியில்லாத வீடு. அந்தப் பெண்ணிடம் நம்பியார் முதலிலே எதைப் பார்த்தார் தெரியுமா? ஓட்டத்தை அல்ல. நடையை. ஒரு பரிசளிப்பு விழாவிலே அந்தப் பெண் நடந்து போகிறதைப் பார்த்திருக்கிறார். அந்த மெல்லிய உடல்வாகும் விரைவான நடையும் தன் கண்ணில் பட்டதாக அவரே பின்னாலே சொல்லியிருக்கிறார்.

நாம் பெண் பார்க்கப் போகும்போதுகூட நடந்து காட்டச் சொல்கிற வழக்கம் ஒரு காலத்திலே இருந்தது. எதற்கு? நொண்டுகிறதா என்று பார்க்க. (சிரிப்பு) அதே நடையை ஒரு ஆசான் பார்த்தார். அவர் கண்ணுக்கு ஒலிம்பிக் மைதானம் தெரிந்தது. 1978இல் கொல்லத்திலே நடந்த ஜூனியர் போட்டியிலே அந்தப் பெண் ஆறு பதக்கத்தை அள்ளிக்கொண்டு வந்தது. 1980இல், பதினாறு வயசிலே, மாஸ்கோ ஒலிம்பிக்கிலே நின்றது.

இங்கேதான் எதிரணி ஒரு கேள்வி கேட்கும். கேட்கவும் வேண்டும். “நாற்பது பிள்ளைகளுக்கும் அதே நம்பியார்தானே? அதே விசில், அதே மைதானம். ஏன் நாற்பது உஷா வரவில்லை? ஆக, காரணம் உஷாதானே?” நியாயமான கேள்வி. நான் முப்பது வருஷமாக வகுப்பறையிலே நிற்கிறவன். அறுபது பேருக்கு ஒரே பாடத்தைத்தான் நடத்துகிறேன். இரண்டு பேர் எழுந்து நிற்கிறார்கள், நாலு பேர் தூங்கிவிழுகிறார்கள். அதனாலே அந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். உஷாவிடம் இருந்த திறமையை நம்பியார் கடையிலே வாங்கிக் கொடுக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

நடுவர்: ஒப்புக்கொண்டாச்சுன்னா உட்கார்ந்துடலாமே! (சிரிப்பு)

பொறுங்க ஐயா, இப்பத்தானே ஆரம்பமே.

1982 தில்லி ஆசிய விளையாட்டு. உஷாவுக்கு 100 மீட்டரிலே வெள்ளி, 200 மீட்டரிலே வெள்ளி. நாடே கொண்டாடியது. சொந்த முயற்சிக்கு என்ன தெரியும்? இன்னும் வேகமா ஓடு, இன்னும் வேகமா ஓடு, அதே பாதையிலே ஓடு. அதுதான் தெரியும். அந்த நேரத்திலே ஒரு வாத்தியார் வந்து, “அம்மா, நீ ஜெயித்துக்கொண்டிருக்கிற இந்தப் பாதை உன்னை ஒலிம்பிக் மேடை வரை கொண்டு போகாது. வேறு பாதைக்கு வா. தடை தாண்டி ஓடு” என்று சொன்னால் எப்படியிருக்கும்? நம்ம பிள்ளையிடம் பிளஸ் டூவிலே போய், “தம்பி, நீ கணக்கிலே தொண்ணூறு வாங்குகிறாய், போதும், இனிமேல் சங்கீதம் படி” என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளை கேட்பதற்கு முன்னாலே அவன் அம்மா நம்மைக் கேட்பாங்க. (சிரிப்பு)

நம்பியார் அதைச் சொன்னார். பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் ஒலிம்பிக்கிலே முதன்முதலாக வந்ததே 1984 லாஸ் ஏஞ்சலஸிலேதான். புதுப் போட்டி. உஷாவுக்கும் புதுசு. நம் நாட்டிலேயே எம்.டி. வல்சம்மா இருந்தாங்க, தில்லி ஆசியப் போட்டியிலே அதே தடை ஓட்டத்திலே தங்கம் வாங்கினவங்க. அப்படி ஒருவர் இருக்கும்போது இந்தப் பெண்ணைக் கொண்டுவந்து அதே பாதையிலே நிறுத்தினார்.

அந்தப் பந்தயம் என்ன லேசுப்பட்டதா? 400 மீட்டரிலே பத்துத் தடை. ஒவ்வொன்றும் இரண்டரை அடி உயரம். புறப்பட்ட இடத்திலிருந்து முதல் தடை 45 மீட்டர். அப்புறம் ஒவ்வொரு தடைக்கும் நடுவிலே 35 மீட்டர். கடைசித் தடைக்கு அப்புறம் கோடு வரைக்கும் 40 மீட்டர். வேகம் மட்டும் இருந்தால் போதாது. எண்ணணும். ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் நடுவிலே இத்தனை எட்டு என்று கணக்கு. ஒரு எட்டு குறைந்தாலும் கூடினாலும், தாண்ட வேண்டிய கால் மாறிப் போகும். கால் மாறினால் தடை முழங்காலிலே இடிக்கும். மூச்சு வாங்க வாங்க, நெஞ்சு எரிய எரிய, தலைக்குள்ளே ஒருவர் எண்ணிக்கொண்டே ஓட வேண்டும். அந்த எண்ணிக்கையை அந்தப் பெண்ணின் காலுக்குள்ளே போட்டது யார்? விடியற்காலையிலே எழுப்பி, கடற்கரை மணலிலே ஓடவிட்டு, நின்ற கடிகாரத்தைக் கையிலே பிடித்துக்கொண்டு, “இன்னொரு தரம்”, “இன்னொரு தரம்” என்று சொல்லிக்கொண்டே நின்றாரே, அவர். பெண் ஒரு தரம் ஓடி முடித்தால் உட்காரலாம். வாத்தியாருக்கு உட்காரவும் முடியாது, ஓடவும் முடியாது. அந்த வேலையைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கால்வலி தெரியும்.

சரி, லாஸ் ஏஞ்சலஸுக்கு வருவோம். 1984 ஆகஸ்ட். முதல் சுற்றிலே உஷா 56.81 நொடி. அரையிறுதியிலே 55.54. காமன்வெல்த் நாடுகளிலே அதுவரை எந்தப் பெண்ணும் அவ்வளவு வேகத்திலே அந்தத் தூரத்தைத் தாண்டியதில்லை. எங்கே ஓடிப் பழகின பெண்? பய்யோலிக் கடற்கரையிலே. என்ன சாப்பிட்டுவிட்டு ஓடிய பெண்? உஷாவே பின்னாலே ஒரு பேட்டியிலே சொன்னாங்க. அங்கே கிடைத்த சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல், அரிசிக் கஞ்சியும் ஊறுகாயும்தான் சாப்பிட்டாங்களாம். கடைசி முப்பத்தைந்து மீட்டரிலே உடம்பிலே தெம்பு நிற்கவில்லை என்று அவங்களே வருத்தப்பட்டாங்க. நம்ம வீட்டிலே காய்ச்சலுக்குக் கொடுக்கிற கஞ்சி ஐயா அது. அதைக் குடித்துவிட்டு உலகத்தோடு ஓடியிருக்கிறது ஒரு பெண்.

இறுதிப் போட்டி. எட்டுப் பேர் குனிந்து நிற்கிறார்கள். துப்பாக்கி வெடிக்கிறது. உஷா பாய்ந்தாங்க. ஆனால் நிறுத்திவிட்டார்கள். வேறொரு நாட்டு வீராங்கனை முன்னாலேயே புறப்பட்டுவிட்டாங்க, செல்லாது, திரும்ப வாருங்கள் என்றார்கள். திரும்ப வந்து, திரும்பக் குனிந்து, திரும்ப வெடித்தபோது, முதல் பாய்ச்சலிலே இருந்த அந்த விறுவிறுப்பு குறைந்துவிட்டது என்று அன்றைக்குப் பார்த்தவர்கள் எழுதினார்கள்.

மொராக்கோவின் நவால் எல் முத்தவக்கில் 54.61, தங்கம். அமெரிக்காவின் ஜூடி பிரவுன் 55.20, வெள்ளி. மூன்றாவது யார்? கண்ணாலே பார்த்துச் சொல்ல முடியவில்லை. புகைப்படத்தை வைத்துப் பார்த்துத்தான் சொன்னார்கள். ருமேனியாவின் கிறிஸ்தியானா கொஜோகாரு 55.41. நம்ம உஷா 55.42.

நூறிலே ஒரு பங்கு நொடி. கண்ணை ஒரு தரம் சிமிட்ட ஆகிற நேரத்திலே அது பத்திலே ஒரு பங்குகூட இல்லை. நேரமாகச் சொன்னால் நமக்குப் புரியாது, தூரமாகச் சொல்கிறேன். 400 மீட்டரை 55.42 நொடியிலே ஓடினால், நொடிக்கு ஏழு மீட்டர் சொச்சம். அதிலே நூறிலே ஒரு பங்கு எவ்வளவு? ஏழு சென்டிமீட்டர். எல்லாரும் கையை முகத்துக்கு நேரே வைத்து, கட்டைவிரலை மடக்குங்கள். மிச்சம் நாலு விரல் இருக்கிறதே, அதன் அகலம். அவ்வளவுதான். கோட்டைத் தொடும்போது நெஞ்சைக் கொஞ்சம் முன்னாலே தள்ளியிருந்தால் போதும் என்று அப்போதே பேசினார்கள்.

(அரங்கில் அமைதி)

இன்னொரு வேடிக்கையையும் சொல்லணும், வேதனையான வேடிக்கை. அந்த வருஷம் அரசியல் சண்டையிலே சோவியத் நாடு ஒலிம்பிக்குக்கு வரவில்லை. அந்தப் பந்தயத்திலே உலக சாதனை வைத்திருந்ததே ஒரு சோவியத் பெண்தான், அவரும் வரவில்லை. வார்சா ஒப்பந்த நாடுகளிலே யாரும் வரவில்லை. ஒரே ஒரு நாடு மட்டும், பேச்சைக் கேட்காமல் வந்தது. எந்த நாடு? ருமேனியா. (சிரிப்பு) வந்ததுதான் வந்தது, நேரே வந்து நம்ம உஷாவுக்கு நாலு விரல் முன்னாலே நின்றது.

உஷாவின் துக்கம் எல்லாருக்கும் தெரிந்தது. இருபது வயசுப் பெண், நாடே கூட அழுதது. நானும் அழுதிருக்கிறேன். ஆனால் அந்த நேரத்திலே பயிற்சியாளர் என்ற ஆள் எங்கே இருப்பார், சொல்லுங்கள். ஓடுபாதைக்குள்ளே அவரை விடமாட்டார்கள். தோற்றால் கட்டிக்கொண்டு அழ அவருக்கு ஒரு தேசியக் கொடிகூடக் கிடையாது. அப்போது நம்பியாருக்கு ஐம்பது தாண்டிவிட்டது, ஏறத்தாழ என் வயசு. அந்தச் செய்தி தெரிந்தபோது அழுததையும், அந்தப் பதக்கம்தான் தன் வாழ்நாள் ஆசை என்பதையும் அவர் முதுமையிலே பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். எத்தனை வருஷம் கழித்துக் கேட்டாலும் அதையே சொன்னார். உஷாவுக்காவது அடுத்த வருஷமே மருந்து கிடைத்தது. 1985 ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டியிலே ஐந்து தங்கம், ஒரு வெண்கலம். 1986 சியோல் ஆசிய விளையாட்டிலே நாலு தங்கம், ஒரு வெள்ளி. அந்தப் போட்டியிலே இந்தியா முழுசுக்கும் கிடைத்த தங்கமே ஐந்துதான் ஐயா, அதிலே நாலிலே உஷா இருந்தாங்க. கழுத்திலே இடம் இல்லாமல் பதக்கம். அத்தனைக்கும் பின்னாலே நின்றவருக்கு அந்த நாலு விரல் போகவில்லை.

1985இலேதான் பயிற்சியாளர்களுக்கென்று அரசாங்கம் ஒரு விருதை ஏற்படுத்தியது. முதல் வருஷம் மூன்று பேருக்குக் கொடுத்தார்கள். தடகளத்துக்கு நம்பியார். விருதின் பேர் துரோணாச்சாரியார் விருது. எனக்கு அந்தப் பேரிலே கொஞ்சம் மனஸ்தாபம் உண்டு. துரோணர் பெரிய வில்லாசிரியர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்டு வாங்கினவர். சொல்லியும் கொடுக்கவில்லை, சம்பளத்தை மட்டும் சரியா வாங்கிக்கொண்டார். (சிரிப்பு, கைதட்டல்) அந்தத் துரோணர் மாணவனிடம் ஒரு விரலை வாங்கினார். இந்த நம்பியார் மாணவிக்காக நாலு விரலை ஆயுசு முழுக்கச் சுமந்தார். யார் பேரிலே யாருக்கு விருது கொடுக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

நான் தமிழ் வாத்தியார், இலக்கணம் சொல்லாமல் இறங்கினால் எனக்குத் தூக்கம் வராது. பவணந்தியார் நன்னூலிலே நல்ல ஆசிரியனுக்கு உவமை தேடும்போது நிலத்தைச் சொன்னார், மலையைச் சொன்னார், தராசைச் சொன்னார், பூவைச் சொன்னார். இதிலே தராசை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தராசு பொருளுக்கு எடை போடும். தராசுக்கு யாராவது எடை போட்டதுண்டா? கடையிலே கத்தரிக்காய் வாங்கி வந்து, “நல்ல தராசுங்க” என்று யாராவது வீட்டிலே சொன்னதுண்டா?

என் கதை ஒன்று சொல்லிவிடுகிறேன். என்னிடம் படித்த ஒரு மாணவி பல்கலைக்கழகத்திலே முதலாவதாக வந்தாள். பத்திரிகையிலே படம், பேட்டி. விடியற்காலையிலே போய் நாலு பிரதி வாங்கிவந்தேன். ஒன்று வீட்டுக்கு, ஒன்று மாமனார் வீட்டுக்கு, மற்ற இரண்டும் எதற்கென்று எனக்கே தெரியாது. பேட்டியிலே அப்பாவுக்கு நன்றி, அம்மாவுக்கு நன்றி, விடுதியிலே சமைத்துப் போட்டவருக்கு நன்றி. என் பேர் இல்லை. என் வீட்டிலே கேட்டாங்க, “இந்தப் பேப்பரை என்ன பண்ணப் போறீங்க?” அலமாரித் தட்டிலே விரிக்கச் சொல்லிவிட்டேன். (சிரிப்பு) சிரிக்கிறீங்க. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை ஐயா. ஒரே ஒரு வரி. அதற்கே என் மனசு அவ்வளவு அல்பமாக இருந்தது. ஒரு தலைமுறையே தன் மாணவியின் பேரைச் சொல்லிப் பிள்ளைகளை ஓடவிடும்போது, தன் பேர் யாருக்கும் தெரியாமல் அடுத்த நாள் காலையிலும் விசிலோடு மைதானத்துக்குப் போனாரே, அந்த மனுஷரை நினைத்தால்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜெயித்தால் வீராங்கனை, தோற்றால் பயிற்சியாளர். 1988 சியோல் ஒலிம்பிக்கிலே குதிகால் காயத்தோடு ஓடி உஷா முதல் சுற்றிலேயே வெளியேறினாங்க. ஒரே ஆளை நம்பி, ஒரே வாத்தியாரோடு ஊரிலேயே பயிற்சி என்று இருந்ததுதான் தப்பு என்றும் பேசினார்கள். அதே ஊர்ப் பயிற்சி தங்கம் தந்தபோது அதைத்தான் தவம் என்று எழுதியிருந்தார்கள். 1990 வாக்கிலே குருவும் சிஷ்யையும் வேறு வேறு வழியிலே போனார்கள். உஷா கல்யாணம் செய்துகொண்டாங்க, திரும்பி வந்து ஓடினாங்க, 1998இலேகூட ஆசியப் பதக்கம் வாங்கினாங்க. அந்தக் கடைசி வருஷங்களிலே நம்பியார் கூட இல்லை. எதிரணி இதைப் பிடித்துக்கொள்ளும் என்று தெரிந்துதான் நானே சொல்லிவிடுகிறேன். குதிகாலிலே காயம், வயசு முப்பதைத் தாண்டியாயிற்று, அதற்குமேல் ஓட வைத்தது உஷாவின் வைராக்கியம்தான். அந்தப் பெருமையை நான் யாருக்கும் தரமாட்டேன்.

ஆனால் ஓட்டத்தை நிறுத்தின உஷா அப்புறம் என்ன செய்தாங்க? சொந்த முயற்சியே போதும் என்று அவங்களே நினைத்திருந்தால், பதக்கங்களைக் கண்ணாடிப் பெட்டியிலே வைத்துவிட்டு நிம்மதியா இருந்திருப்பாங்க. 2002இலே கொயிலாண்டியிலே தடகளப் பள்ளி ஆரம்பித்தாங்க. சின்னப் பிள்ளைகளை விடியற்காலையிலே எழுப்பி, கையிலே கடிகாரம் பிடித்துக்கொண்டு, “இன்னொரு தரம்” என்று சொல்கிற வேலைக்கு அவங்களே வந்தாங்க. அதிலே வந்தவங்கதான் டின்டு லூக்கா. ஷைனி வில்சன் ஞாபகம் இருக்கிறதா? அவங்களும் நம்பியாரிடம் பயிற்சி பெற்றவங்களிலே ஒருவர். 1995 டிசம்பரிலே நம்ம சென்னையிலே நடந்த தெற்காசியப் போட்டியிலே 800 மீட்டரை 1 நிமிஷம் 59.85 நொடியிலே ஓடித் தேசிய சாதனை வைத்தாங்க. பதினைந்து வருஷம் அது அசையவில்லை. 2010இல் 1 நிமிஷம் 59.17 நொடியிலே அதைத் தாண்டினவங்க டின்டு லூக்கா. நம்பியார் வீட்டுச் சாதனையை நம்பியாரின் பேத்தி முறை வந்துதான் எடுத்தது ஐயா. (கைதட்டல்)

நடுவர்: (மணி அடிக்கிறார்) முடிச்சுக்கலாம்.

மணி அடிச்சிட்டீங்க. வாத்தியார் மணிக்குக் கட்டுப்பட்டவன். ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

உஷாவுக்குப் பத்மஸ்ரீ விருது 1985இல் கிடைத்தது. நம்பியாருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தது 2021 ஜனவரியில். முப்பத்தாறு வருஷ இடைவெளி. அவர் அப்போது நோயாளி, வயசு தொண்ணூறை நெருங்கிவிட்டது. பல வருஷம் முன்னாலேயே வந்திருக்க வேண்டியது, இருந்தாலும் சந்தோஷம்தான் என்கிற மாதிரி சொன்னார். கோபப்படவில்லை.

அதே வருஷம் ஆகஸ்ட் 7. டோக்கியோவிலே நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வாங்கினார். ஒலிம்பிக் தடகளத்திலே இந்தியாவுக்கு முதல் தங்கம். அன்றைக்கு ராத்திரி நாடே வெடி வெடித்தது. அதிலிருந்து பன்னிரண்டாவது நாள், ஆகஸ்ட் 19ஆம் தேதி, வடகரையிலே நம்பியார் கண்ணை மூடினார்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும்போது அந்த நாலு விரலையும் கணக்கிலே சேர்த்துக்கொள்ளுங்கள். வணக்கம்.

(பலத்த கைதட்டல்)